மூன்றாம் சர்வரில் இருந்த குமார்

போன வாரம் எனக்கு ஒரு மெயில் வந்தது. யாரோ ஒரு அம்மாளின் ஸ்கேன் ரிப்போர்ட். என் முகவரிக்கும் அவர் முகவரிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் போலிருக்கிறது. லேப்காரர்கள் அவசரத்தில் தட்டியிருப்பார்கள்.

என் மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "டெலிட் பண்ணிடுங்கப்பா. லிங்க் எதையும் தொடாதீங்க" என்றாள்.

சரியான யோசனைதான். லிங்கை நான் தொடவில்லை. ஆனால் டெலிட்டும் செய்யவில்லை. அந்த லேபின் போன் நம்பரைத் தனியாகத் தேடி எடுத்து, கூப்பிட்டு, உங்கள் ரிப்போர்ட் தப்பான ஆளுக்கு வந்திருக்கிறது என்று சொன்னேன். மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள். மூன்று பேரிடமும் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் ஒரு பெண், உரியவருக்கு அனுப்பியாகிவிட்டது என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். அதன் பிறகுதான் டெலிட்.

முக்கால் மணி நேரம் வீண், உங்களுக்கென்ன வந்தது என்று மகள் கேட்டாள். எனக்கென்ன வந்தது என்பதை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் இரும்புலியூரில் இருந்தோம். நான் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். என் அக்கா எஸ்தர் ராணி, தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. அத்தான் வேலை பார்த்த தொழிற்சாலை அந்த வருஷம் மூடிவிட்டது. அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு. வீடு முழுவதும் அக்காவின் தோளில்.

அந்த நேரத்தில் அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரியவந்தது. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு முப்பத்தொன்பது முடிந்து எட்டு மாதம். இதை விட்டால் அடுத்து கிடையாது.

விண்ணப்பப் படிவம் தபாலில் வந்தது. அதில் ஒரு கட்டம் – ஈமெயில் முகவரி. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குடும்பத்திலேயே கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரிந்தவன் நான்தானே?

எங்களுக்கென்று ஈமெயில் ஒன்றும் கிடையாது. அன்றைக்கு யாருக்கு இருந்தது? மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் குமார் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு பிரிண்டர். ஈமெயில் இல்லாதவர்கள் அவருடைய முகவரியையே கொடுப்பார்கள். மெயில் வந்தால் பிரிண்ட் எடுத்து ஒரு தட்டில் போட்டு வைப்பார். போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தட்டில் எல்லாம் இருக்கும். கல்யாணத்துக்குப் பார்க்கும் மாப்பிள்ளையின் விவரம், துபாயிலிருந்து கணவன் எழுதிய கடிதம், கம்பெனி கொட்டேஷன்... வருகிறவர்கள் தங்களுடையதைத் தேடும் சாக்கில் மற்றவர்களுடையதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். யாருடையது என்றே தெரியாதவற்றைக் குமார் தனியாக ஒரு கம்பியில் குத்தி வைப்பார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே – ரசீது எழுத ஆகும். பாஸ்வேர்ட்? அதையும் மறைத்து வைக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டியிருந்தார். மறந்துவிடுமாம்.

"முகவரியை அவர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு எழுதேன் சாமு" என்றாள் அக்கா.

எனக்கு மனப்பாடம் என்று சொல்லி, கட்டத்தில் எழுதினேன். மை காய ஊதியும் விட்டேன்.

இரண்டு மாதம் ஓடியது. பள்ளி விட்டதும் நான் சென்டருக்குப் போய்த் தட்டைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அக்காவும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை மதியம். அக்கா டியூட்டியில் இருக்கும்போது, ரிசப்ஷனில் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஓர் ஆண் குரல். நாகல்கேணியிலிருந்து பேசுகிறேன், என் பெயர் சிவகுமார், தோல் பதனிடும் தொழில், உங்களுக்கு அயர்லாந்திலிருந்து வந்த இன்டர்வியூ கடிதம் என் ஈமெயிலில் இருக்கிறது என்றிருக்கிறார்.

அக்காவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. பயம்தான் வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் அவள் வார்டிலேயே ஒரு பெண், வெளிநாட்டு வேலை என்று ஒருவன் சொன்னதை நம்பி ஏமாந்திருந்தாள். அவனும் இப்படித்தான் போனில் ஆரம்பித்தானாம்.

"என் லெட்டர் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அதை நீங்க ஏன் படிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அவர் சர்வர், நம்பர் என்று ஏதோ விளக்க ஆரம்பித்திருக்கிறார். அக்கா போனை வைத்துவிட்டாள். அவர் மறுபடி கூப்பிட்டு, ரிசப்ஷன் பெண்ணிடம் தன் நம்பரை மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை இன்டர்வியூ, புதன்கிழமைக்குள் வருகிறேன் என்று பதில் போட வேண்டும், அவங்க தம்பியோ வீட்டுக்காரரோ யாராவது பேசினாலும் போதும் – இவ்வளவுதான் சொன்னாராம்.

சாயங்காலம் அக்கா அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்தாள். நான் நேராகச் சென்டருக்கு ஓடினேன்.

குமார் மெயில்பெட்டியைத் திறந்து காட்டினார். அக்கா பெயரில் எதுவும் இல்லை.

"இன்னா சார் நீங்க? நம்ம பாஸ்வேர்ட் இல்லாம நம்ம மெயிலை எவன் சார் எடுக்க முடியும்? எவனோ கதை வுட்டுகினு கீறான். பேஜார் கேஸு, கிட்ட போவாதீங்க" என்றார்.

சொல்லும்போது அவர் தலைக்குப் பின்னால் மானிட்டரில் அந்தத் துண்டுக் காகிதம் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது. நம் பெட்டிக்கு வந்த கடிதம் வேறொருவர் பெட்டிக்கு எப்படிப் போகும்? திருடினால் ஒழிய? ஆனால் திருடியவன் போன் செய்து வா வந்து வாங்கிக்கொள் என்று சொல்வானா?

கிளம்பும்போது குமார் தன் விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொடுத்தார். அடுத்த முறை யாராவது கேட்டால் கொடுக்கச் சொன்னார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் காப்பியைக் கேட்டு வாங்கினேன். ஈமெயில் கட்டத்தைப் பார்த்தேன். கார்டைப் பார்த்தேன். மறுபடி கட்டத்தைப் பார்த்தேன்.

கார்டில் முகவரியின் நடுவே ஓர் இரண்டு இருந்தது. என் கையெழுத்தில் அது மூன்றாக இருந்தது.

ஊதிக் காய வைத்த மை அது.

விஷயம் இதுதான். ஈமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர். பின்னால் இருப்பது அந்த ஆளின் பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்ற விலாசம் – அதைத்தான் டொமைன் என்கிறோம். அதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். கடைசியில் நாடு, அதற்கு முன் இணைப்பு தருகிற நிறுவனம், அதற்கும் முன் எந்த சர்வர். சர்வர் என்றால் பெட்டிகளையெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர். சென்னையில் ஆட்கள் சேரச் சேர, ஒரு சர்வர் நிரம்பியதும் இரண்டாவது, அதுவும் நிரம்பியதும் மூன்றாவது என்று வைத்துக்கொண்டே போனார்கள். இரண்டாம் சர்வரில் ஒரு குமார் இருந்தால், மூன்றாம் சர்வரில் இன்னொரு குமார் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் நின்று குமார் என்று கூப்பிட்டுப் பாருங்கள், பிளாட்பாரத்தில் பாதிப் பேர் திரும்புவார்கள்!

ஆக, யாரும் எதையும் திருடவில்லை. நான் எழுதிய விலாசத்துக்கு, அந்த இன்னொரு குமாரான சிவகுமாரின் பெட்டிக்கு, மெயில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த போன் நம்பர் பத்திரமா இருக்குல்ல?" என்றாள்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கு லீவு சொன்னேன். அக்கா டியூட்டி மாற்றிக்கொண்டாள். தாம்பரத்தில் மின்சார ரயிலேறி, குரோம்பேட்டையில் இறங்கி, நாகல்கேணிக்கு ஆட்டோ பிடித்தோம். தெருவுக்குள் நுழையும்போதே தோல் வாடை மூக்கைத் துளைத்தது. அக்கா கைக்குட்டையை எடுக்கவில்லை. பாதி வாழ்க்கையை டெட்டாலில் கழித்தவளுக்கு வாடையெல்லாம் ஒரு பொருட்டா?

ஷெட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆபீஸ். சிவகுமாருக்கு என் வயதுதான் இருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். எழுந்து நின்று, "வாங்க சிஸ்டர்" என்றார்.

மேஜையில் ஒரு கவர் இருந்தது. ஒட்டியிருந்தது. மேலே அக்காவின் பெயர்.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். உங்க பேரு, ஊரு, இன்டர்வியூ தேதி, பதில் போட வேண்டிய நாள். இது வரைக்கும்தான் படிச்சேன். யாருக்குன்னு தெரியறதுக்கு அவ்வளவு தேவைப்பட்டுச்சு. அதுக்குக் கீழ படிக்கலை. பிரிண்ட் எடுத்து அப்படியே ஒட்டிட்டேன்."

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். மெயில் வெள்ளிக்கிழமை வந்திருக்கிறது. உடனே அனுப்பியவர்களுக்கே, ஆள் மாறி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. பதில் இல்லை. மெயிலில் இருந்தது எஸ்தர் ராணி, ஸ்டாஃப் நர்ஸ், தாம்பரம் – அவ்வளவுதான். டெலிபோன் டைரக்டரியை எடுத்து, தாம்பரம் சானடோரியத்தில் ஆரம்பித்துப் பெருங்களத்தூர் வரை ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக, நர்ஸிங் ஹோமாகக் கூப்பிட்டிருக்கிறார். ஓர் இடத்தில் எஸ்தர் மேரி இருந்தாராம். இன்னோர் இடத்தில், நர்ஸ் பெயரையெல்லாம் போனில் சொல்ல முடியாது, நீ யார் என்று விரட்டினார்களாம். அப்படி வந்து வந்து திங்கட்கிழமை மதியம் அக்காவிடம் சேர்ந்திருக்கிறார். அக்கா போனை வைத்த பிறகும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார் – அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அவர் அக்காவுக்கு அந்த இரண்டு, மூன்று கதையை விளக்கினார். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டாவது மாடி பதினாலாம் பெட்டுக்குப் போக வேண்டிய மருந்து, மூணாவது மாடி பதினாலாம் பெட்டுக்குப் போயிருக்கு. அதானே? பெட் நம்பரை மட்டும் பார்த்துட்டு மருந்து குடுக்கக் கூடாது, பேரைக் கேக்கணும்னுதான் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க."

"அதேதான் சிஸ்டர். ஆனா இந்த மெஷின் பேரைக் கேக்காது" என்றார் சிவகுமார்.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் என் மாணவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி, அக்காவின் மெயிலை எங்கள் கண்ணெதிரே அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் இடத்துக்கும் போய் அங்கிருந்தும் அழித்தார். சர்வரில் ஒரு காப்பி தங்கியிருக்கும் என்று சொல்லி அதையும் எடுத்தார். இது உங்களுடையது, என்னிடம் இருக்கக் கூடாது என்றார்.

பதில் போட வேண்டுமே? என் முகவரியிலிருந்து போட்டால் அவர்களுக்குக் குழப்பம், சென்டர் முகவரியும் வேண்டாம், உங்களுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்றார். இலவசமாக மெயில் கொடுக்கும் ஒரு தளத்தைத் திறந்தார். மோடம் கீச்சிட்டு, பக்கம் வரி வரியாக இறங்கி, கடைசியில் பாஸ்வேர்ட் கேட்கும் இடம் வந்தது.

சிவகுமார் எழுந்தார். தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சார், நீங்களும்" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

நானும் திரும்பினேன். தோல் காயும் முற்றத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அக்கா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அக்காவின் வீட்டில் சம்பளம், சேமிப்பு, நகை எதுவுமே அவளுக்கு மட்டும் என்று இருந்ததில்லை. யாருக்கும் தெரியாத, தனக்கு மட்டுமே சொந்தமான ஒரு வார்த்தை அவளுக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

பதில் போய்ச் சேர்ந்தது. டீ வந்தது. ஏன் இவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று அக்கா கேட்டாள். அவர் முதலில் மழுப்பினார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார். போன வருஷம் இத்தாலியில் ஒரு கம்பெனி, ஆட்டுத்தோல் சாம்பிள் கேட்டு இரண்டு மெயில் போட்டிருக்கிறது. இவருக்கு ஒன்றும் வரவில்லை. பதில் இல்லையே என்று அவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். பின்னால் ஒரு கண்காட்சியில் சந்தித்தபோது முகவரியைக் காட்டினார்களாம். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

"யாருக்கோ போயிருக்கு சிஸ்டர். அவர் பாவம், என்ன செய்வார்? குப்பைன்னு நினைச்சிருப்பார்."

நான் டீயைக் கீழே வைத்தேன். இரண்டாம் சர்வரின் குமார் யார் என்று எனக்குத் தெரியுமே? ரசீதின் பின்பக்கங்களும் தெரியுமே? அதில் ஒன்றில் தோல் அளவுகள் ஆங்கிலத்தில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நமக்கென்ன என்று மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

அங்கேயே சொல்லிவிட்டேன். சிவகுமார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "விடுங்க சார். ஆள் யாருன்னாவது தெரிஞ்சுதே" என்றார்.

அன்று மாலை சென்டருக்குப் போய்க் குமாரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஏதாவது சமாதானம் சொல்லுவார் என்று நினைத்தேன். அவரோ குத்தி வைத்திருந்த காகிதக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து தேடினேன். இத்தாலிக்காரர்களின் முதல் மெயில் கிடைக்கவில்லை, அது எனக்கே ரசீதாக வந்து எங்கேயோ தொலைந்திருந்தது. இரண்டாவது கிடைத்தது. பின்பக்கம் ஒன்றும் எழுதாமல்.

"நேர்ல போய்க் குடுத்துட்டு வரேன் சார். போன்ல சொன்னா நல்லா இருக்காது" என்றார் குமார்.

புதன்கிழமை சென்டரைச் சாத்திவிட்டு, மொபெட்டில் நாகல்கேணிக்குப் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் மானிட்டரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார். தட்டை எடுத்து உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு மெயில் பிரிண்ட் எல்லாம் கவரில் போட்டு, பெயர் கேட்டுத்தான் கொடுத்தார்.

வியாழக்கிழமை அக்கா இன்டர்வியூவுக்குப் போனாள், துணைக்கு நானும். சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, நகரத்தின் ஒரு பெரிய ஓட்டல் வரவேற்பறையில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருபது நிமிஷம். வெளியே வந்தவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது சைதாப்பேட்டை தாண்டிய பிறகு, "நல்லாத்தான் பேசினேன்னு நினைக்கிறேன்" என்றாள்.

மூன்றாம் வாரம் அவளுடைய சொந்தப் பெட்டியில் வேலை உத்தரவு வந்தது. அதை அவளேதான் திறந்தாள்.

அக்கா பதினெட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தாள். அத்தானும் பின்னாலேயே போனார். மகள் அங்கேயே படித்து, இன்றைக்கு அவளும் அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். எங்கள் குடும்பத்தின் நல்லது எல்லாவற்றையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், நாகல்கேணியில் ஒரு மாடி ஆபீசில் போய் நிற்கும்.

ஃபயர்வால், என்க்ரிப்ஷன், இரண்டடுக்குப் பாதுகாப்பு என்று இன்றைக்கு எத்தனையோ வந்துவிட்டன. எல்லாம் வேண்டியவைதான். நானும் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் விலாசத்தில் ஓர் எண் மாறினால் எந்தப் பூட்டும் உதவாது. கடிதம் யாரோ ஒருவர் மடியில் போய் விழும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த ஒருவரைப் பொறுத்தது.

முதல் விடுமுறையில் வந்தபோதே அக்கா சிவகுமாரைப் பார்க்கக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அவருக்கென்று ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வந்திருந்தாள் – சென்னை வெயிலுக்கு! அவர் எழுந்து நின்று, அக்காவை உற்றுப் பார்த்து, நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க... நீங்க மெயில் மாறி வந்த அந்த இன்ஜினியரிங் காலேஜ் சீட்டு பையனோட அம்மாவா, இல்ல மதுராந்தகம் கல்யாணப் பத்திரிகையா?"

நன்றி சொல்லப் போன இடத்திலும் எங்களுக்கு முன்னால் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.